அன்ரனா ரவரும் யாழ்ப்பாணக் காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

ஹாம் வானொலி (அனுமதி பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) அன்ரனாவை உயர்த்துவது பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் பலர் உயரத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எங்கள் பதில்களோ பெரும்பாலும் காற்று, உப்பு, நிலத்துக்குக் கீழே போகும் கொங்கிறீற் பற்றியே இருக்கும். வானொலிப் பக்கத்தில் விடும் பிழை சிக்னலைக் குறைக்கும். கட்டுமானத்தில் விடும் பிழை பக்கத்து வீட்டுக் கூரையில் விழும்.

கேள்வி: எங்கள் இரண்டு பரப்பு வளவில் 12 மீற்றர் உயரத்தில், 14 மெகாஹேர்ட்ஸுக்கான மூன்று எலிமென்ற் (குறுக்குக் குழாய்) கொண்ட பீம், அதாவது ஒரு திசைக்கு வீசும் அன்ரனா ஒன்றை ஏற்ற விருப்பம். இரண்டு இஞ்சி ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப் இரண்டைச் சொக்கற் போட்டு இணைத்து, அடியில் கொங்கிறீற் இறுக்கினால் ஸ்ரே கம்பி (சாயாமல் பக்கங்களில் இழுத்துக் கட்டும் கம்பி) தேவையில்லை என்று பைப் விற்ற கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: நம்பவேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். காற்றின் வேகத்தை செக்கனுக்கு மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.613 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரில் விழும் அழுத்தம் நியூற்றனில் வரும். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையைக் கடந்துதான் போனது. அப்படியான காற்று ஒவ்வொரு மாரிக்கும் வராது, ஆனால் ரவரை ஒரு மாரிக்கென்று நாட்டுவதும் இல்லை. எனவே செக்கனுக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 980 நியூற்றன். நீங்கள் சொல்லும் பீமின் காற்றுப் பரப்பு ஏறத்தாழ 0.6 சதுர மீற்றர். உருளைக் குழாய்க்கான 1.2 என்ற காரணியையும் சேர்த்தால் உச்சியில் 700 நியூற்றன், ஏறக்குறைய 72 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளும். 12 மீற்றர் உயரத்தில் இருந்து அது அடியில் உண்டாக்கும் வளைவுத் திருப்பம் 8,400 நியூற்றன்-மீற்றர். 3.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு இஞ்சிப் பைப் ஏறத்தாழ 2,000இலேயே மடங்கிவிடும். பைப்பின் உடலில் விழும் காற்று மட்டுமே 5,000க்கு மேல் திருப்பம் கொடுக்கும். ஆகவே அந்தக் காற்றில் அன்ரனா இல்லாத வெறும் பைப்பும் நிற்காது.

சொக்கற் இணைப்பு இன்னும் மோசம். மரை வெட்டிய இடத்தில் பைப்பின் சுவர் பாதியாக மெலிந்திருக்கும். வெட்டுக்குள் நாகப் பூச்சும் இல்லை. முறிந்த பைப்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் சொக்கற்றுக்குப் பக்கத்து மரையில்தான் முறிந்திருக்கும்.

மூன்று எலிமென்ற் பீமுக்கு எங்கள் பரிந்துரை முக்கோணப் பின்னல் ரவர். பக்கம் 30 செ.மீ., ஒரு துண்டு 3 மீற்றர், அப்படி நான்கு துண்டுகள். கால்களுக்கு ஒரு இஞ்சி ஜி.ஐ. பைப், வளைந்து வளைந்து போகும் பின்னலுக்கு 10 மில்லிமீற்றர் கம்பி. ஒரு துண்டு ஏறத்தாழ 30 கிலோ வரும், இரண்டு பேர் சுமக்கலாம். பின்னல் துண்டின் விளிம்பு வரை போகவேண்டும். வெல்டிங் பட்டறையில் நேரம் மிச்சம் பிடிக்கக் கடைசி 20 செ.மீ.யை வெறுமையாக விடுவார்கள்; கால்கள் அந்த இடத்தில்தான் நெளியும். நாகம் பூசிய பைப்பை ஒட்டுபவர், ஒட்டும் இடத்தைச் சுற்றி 5 செ.மீ.க்குப் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டவேண்டும். நாகப் புகை இரவில் காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும்.

ஸ்ரே கம்பிகள் 6 மீற்றரிலும் 11.5 மீற்றரிலும், மூன்று திசைக்கு 120 பாகை இடைவெளியில். கம்பியை நிலத்தில் பிடிக்கும் கொங்கிறீற் நங்கூரத்தை அடியிலிருந்து உயரத்தின் 70 வீதத் தூரத்தில், அதாவது 8.4 மீற்றரில் வையுங்கள். மூன்று நங்கூரங்களுக்கும் சேர்த்து 13 மீற்றருக்கு 15 மீற்றர் இடம் போதும்; இரண்டு பரப்பு என்றால் 500 சதுர மீற்றர், வீடு நடுவில் மறிக்காவிட்டால் தாராளம். இடம் நெருக்கம் என்று 3.6 மீற்றருக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? நாங்கள் சொன்ன காற்றில், மேல் கம்பியில் வரும் இழுவை 1,900 நியூற்றனில் இருந்து 3,800 ஆகும். அந்த இரட்டிப்பு இழுவை ரவரைக் கீழ்நோக்கி அமுக்கும், நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கும்.

கம்பிக்கு 6 மில்லிமீற்றர் நாகம் பூசிய முறுக்குக் கம்பி எடுங்கள். முறிவு வலு ஏறத்தாழ 2 தொன். மேல் கம்பி ஒவ்வொன்றும் 14.2 மீற்றர், கீழ்க் கம்பி 10.3 மீற்றர். மடக்கு நீளத்தோடு 90 மீற்றர் வாங்கினால் சரி. கீழ்க் கம்பியில் வானொலிப் பொறி ஒன்று ஒளிந்திருக்கிறது. 14 மெகாஹேர்ட்ஸின் அரை அலை நீளமும் 10.3 மீற்றருக்கு மிக அருகில்தான். அந்தக் கம்பி பீமோடு சேர்ந்து தானும் ஒத்ததிர்ந்து, உங்கள் சக்தியை வேண்டாத திசைக்குக் கொண்டுபோகும். ஆகவே மின்கம்ப ஸ்ரேயில் கட்டும் முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேற்றரால் கம்பியைத் துண்டாக்குங்கள். கீழ்க் கம்பியில் ரவரில் இருந்து 1 மீற்றரில் ஒன்று. மேல் கம்பியில் 1 மீற்றரில் ஒன்று, அதிலிருந்து 4 மீற்றரில் இன்னொன்று. மொத்தம் 9. பீங்கான் உடைந்தாலும் இரு வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்திருப்பதால் ரவர் விழாது. அப்படிக் கோர்த்துத்தான் கட்டுகிறார்களா என்று நின்று பாருங்கள்.

ஒவ்வொரு கம்பி முனைக்கும், மடக்கிய முனையைப் பிடிக்கும் புல்டோக் கிளிப் மூன்று, 4 செ.மீ. இடைவெளியில். மேலே சொன்ன அமைப்பில் 30 முனைகள், 90 கிளிப்கள். எண்ணிக்கை அதிகம் என்று ஒன்றாகக் குறைக்காதீர்கள். கிளிப்பின் பள்ளமுள்ள சேணம் சுமை தாங்கும் நீளக் கம்பியில் அமரவேண்டும். யூ-போல்ற் மடங்கி வந்த குட்டை முனையில் அழுத்தவேண்டும். மாறிப் போட்டால் யூ-போல்ற் சுமைக் கம்பியின் இழைகளை நசுக்கும், வலு பெருமளவு போய்விடும். ரவரிலும் நங்கூரத்திலும் மாட்டும் முனைகளின் வளைவுக்குள் திம்பிள் (கம்பி நசியாமல் காக்கும் உலோக வளையம்) கட்டாயம். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் மீண்டும் இறுக்குங்கள். கம்பி சுமையில் மெலிந்து கிளிப் தளர்ந்திருக்கும். கம்பிக்கு ஒன்றாக உள்ள ஆறு ரேன்பக்கிள்களையும் (திருகி இறுக்கும் கொக்கி) இறுக்கிய பிறகு அவற்றின் நடுவால் கட்டுக் கம்பி கோர்த்து முடியுங்கள். காற்றின் அதிர்வு ரேன்பக்கிளைத் தானாகவே கழற்றும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கருவி இல்லாமலும் வழி உண்டு. மேல் கம்பியில், நங்கூரத்தில் இருந்து கம்பி வழியே 2.5 மீற்றர் அளந்து, அங்கே கொக்கித் தராசு கட்டி கம்பிக்குச் செங்குத்தாக 2 கிலோ இழுங்கள். கம்பி 4 செ.மீ. விலகினால் இழுவை 100 கிலோ, 2 செ.மீ. என்றால் 200 கிலோ. இந்த இரண்டுக்கும் நடுவில், மூன்று கம்பியிலும் ஒரே அளவாக வையுங்கள். கைக்குப் பட்டபடி இறுக்கினால் ஒரு பக்கம் கூடி, ரவர் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிற்கும்.

ரவர் தலைக்கு மேல் பீமைத் தாங்கும் பைப் 1.5 மீற்றருக்கு மேல் நீளவேண்டாம். அந்த நீளத்தில் ஒன்றரை இஞ்சிப் பைப் தன் எல்லையைத் தொட்டுவிடும். இரண்டு இஞ்சியில் ஏறத்தாழ இரட்டிப்பு வலு உண்டு. பீமைச் சுழற்றும் மோட்டரான ரோற்றேற்றரை ரவர் தலையில் வைக்காமல் 1.5 மீற்றர் உள்ளே இறக்கி, தலையில் ஒரு பெயாரிங் போடுங்கள். அப்போது பக்கவாட்டுத் தள்ளலைப் பெயாரிங் வாங்கும், ரோற்றேற்றரின் பல்லுச் சக்கரம் தப்பும்.

கேள்வி: நங்கூரக் குழி வெட்டினால் முக்கால் மீற்றருக்குள் கல்லு வந்துவிடுகிறது. மேசன், கல்லுக்கு மேலேயே கொங்கிறீற் போடலாம் என்கிறார். சாவகச்சேரியில் இருக்கும் மைத்துனர் வீட்டில் வெறும் மணல். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவு சரியா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: ஒரே அளவு சரிவராது. முதலில் செம்மண் ஆழமாக உள்ள இடத்தை வைத்துச் சொல்கிறோம். மூன்று பக்கமும் 70 செ.மீ. கொண்ட கட்டி 0.34 கன மீற்றர், எடை 820 கிலோ. மேலே சொன்ன ரவருக்குக் காற்றின் இழுப்பும் கம்பியின் முன்னிறுக்கமும் சேர்ந்து நங்கூரத்தை 300 முதல் 350 கிலோ வரை பிடுங்கும் என்று எடுத்தால், இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு. 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் ஒரு கட்டிக்குச் சீமெந்து 2 மூடைக்குச் சற்றுக் கூட. மூன்று நங்கூரத்துக்கும் 80 செ.மீ. அளவுள்ள அடிக்கட்டிக்கும் சேர்த்து 50 கிலோ மூடை 10 தேவை. கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவைக்குள் போகவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தின்று, கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். 7 நாள் சாக்கு நனைத்துப் போட்டு, 28 நாள் கழித்தே முழு இழுவை கொடுக்கவேண்டும்.

உங்கள் இடத்தில் கல்லு மேலேயே வருவது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். கல்லின் தலையில் சும்மா ஊற்றிய கொங்கிறீற் அதன் எடையால் மட்டுமே நிற்கும். பக்க மண்ணின் பிடி கிடையாது. கல்லில் துளையிட்டுப் பிடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் அரித்த பொந்துகள் நிறைய. அலவாங்கால் தட்டிப் பாருங்கள்: கணீரென்ற ஒலி திடமான கல்லு, பொக்கென்ற ஒலி கீழே வெறுமை. திடமான இடத்தில் 28 மில்லிமீற்றர் துளை, குறைந்தது 50 செ.மீ. ஆழம், ஒரு நங்கூரத்துக்கு இரண்டு. தூளை ஊதி வெளியேற்றி, தண்ணீர் விட்டுக் கழுவி, 20 மில்லிமீற்றர் நாகம் பூசிய கம்பியை இறக்கிச் சுருங்காத கிறவுட் (சீமெந்துக் குழம்பு) ஊற்றுங்கள். தூளை எடுக்காமல் ஊற்றினால் கிறவுட் தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. ஒரு வாரத்துக்குப் பின் செயின் புளொக் கட்டி 500 கிலோ அளவுக்கு இழுத்துப் பார்த்த பிறகே கம்பி மாட்டவேண்டும்.

மணலில் நிலைமை வேறு. மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும். நீருக்குள் இருக்கும் கொங்கிறீற் ஒரு கன மீற்றருக்கு ஒரு தொன் எடையை இழக்கும். 820 கிலோக் கட்டி 480 ஆகிவிடும், அதுவும் காற்று வலுக்கும் மாதங்களில். மைத்துனர் வீட்டில் 90 செ.மீ. நீள அகலம், 70 செ.மீ. கனம் என்று எடுத்து, கட்டியின் மேல்முகம் அரை மீற்றர் புதைய இறக்கச் சொல்லுங்கள். குழியை மூடும்போது 15 செ.மீ.க்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்கவேண்டும்.

எந்த மண்ணானாலும் நங்கூரக் கம்பி நிலத்தைவிட்டு வெளிவரும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். அந்த இடத்தில் கொங்கிறீற்றை மண் மட்டத்துக்கு 10 செ.மீ. மேலே உயர்த்தி, தண்ணீர் ஓடும்படி சரிவாக முடியுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் இந்தியத் தொலைக்காட்சி பார்க்க நாட்டிய 9 மீற்றர் அன்ரனா பைப் இன்னும் நிற்கிறது. கடற்கரை 300 மீற்றர். அதில் அன்ரனா ஏற்றலாமா? உப்புக் காற்றுக்கு எந்த உலோகம் நல்லது?
– வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: அம்மா, அந்தப் பைப்பின் அடியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தொலைக்காட்சி அன்ரனா இரண்டு மூன்று கிலோதான். அதைத் தாங்கியது என்பதற்காக ஹாம் அன்ரனாவையும் தாங்கும் என்று எடுக்கமுடியாது. பைப்புக்குள் இறங்கிய மழைநீர் கொங்கிறீற்றுக்குள் தேங்கி உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். மண் மட்டத்துக்கு மேல் 10 செ.மீ.யில் சிறு துளை போடுங்கள்; தண்ணீரோ துருச் சேறோ வந்தால் கழற்றிவிடுங்கள். துளையில் சுவரின் தடிப்பை அளந்து 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால், புதிதாக ஸ்ரே கட்டி கம்பி அன்ரனா மட்டும் தொங்கவிடலாம். பீம் வேண்டாம். புதிதாக நாட்டும் எந்தப் பைப்புக்கும் உச்சியில் மூடி, அடியில் நீர் வடியத் துளை.

உலோகத்தைப் பொறுத்தவரை, சூடான நாகத்தில் தோய்த்தெடுத்த இரும்புதான் உங்கள் கரைக்கு நம்பகமானது. கடையில் பளிச்சென்று மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மின்னும் போல்ற்களில் இருப்பது மெல்லிய மின்முலாம். உப்புக் காற்றுக்கு அது ஒரு வருடம்கூடத் தாங்காமல் போகலாம். அலுமினிய எலிமென்ற்களை இறுக்க 316 வகை எவர்சில்வர் போல்ற் நல்லது. அதன் மரையில் கிறீஸ் தடவாமல் இறுக்கினால் நட் பாதியில் ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும். செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடவே கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் எவர்சில்வர் வொஷர் அல்லது ஈயம் பூசிய லக் போடுங்கள். வெட்டிய முனை, துளைத்த இடம் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே நாகப் பெயின்ற் இரண்டு பூச்சு.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். ரவருக்குக் காசு இல்லை. வீட்டில் பனை மரங்கள் இருக்கின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஹாம்களோடு கதைக்க முடியுமா?
– மாணவன், அச்சுவேலி

பதில்: முடியும் தம்பி. பீம் வாங்காததற்காகக் கவலைப்படவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்து உலகைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. லண்டனின் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 321 பாகை, ரொறன்ரோ 342, பாரிஸ் 318. மூன்றும் 25 பாகைக்குள் அடங்குகின்றன. சிட்னி 127 பாகை, ஏறக்குறைய எதிர்ப்பக்கம். இருமுனை அன்ரனாவான டைபோல் தன் கம்பிக்குச் செங்குத்தான இரு பக்கமும் வீசும். ஆகவே கம்பியை 60 பாகைக்கும் 240 பாகைக்கும் இடையே, அதாவது கிழக்கு-வடகிழக்கில் இருந்து மேற்கு-தென்மேற்குக்குக் கட்டினால் ஒரு பக்கம் 330, மறு பக்கம் 150. புலம்பெயர்ந்த உறவுகள் இருக்கும் பெரிய நகரங்கள் பலவும் அதற்குள் வந்துவிடுகின்றன, சுழற்றும் மோட்டரே தேவையில்லை. இங்கே திசைகாட்டிக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2 பாகை என்பதால் கைபேசித் திசைகாட்டியே போதும்.

நீளத்துக்கு 142.6 ஐ மெகாஹேர்ட்ஸால் வகுங்கள். 14.2க்கு 10.04 மீற்றர், ஒரு கை 5.02. முதலில் 5.2 ஆக வெட்டி, ஏற்றி அளந்து, இரு பக்கமும் சமனாக வெட்டிக் குறையுங்கள். வீட்டு வயரிங் கம்பி 7/.67 போதும், மேலுறை இருப்பதால் கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில்தான் ஒத்திசையும். நடுவில் இருந்து வானொலிக்கு வரும் கேபிளை 4 இஞ்சி பி.வி.சி. குழாயில் 8 சுற்றுச் சுற்றிவிட்டால் கேபிளின் வெளிப்புறம் அன்ரனாவாக வேலை செய்வது நிற்கும். உயரம் 10 மீற்றர் இருந்தால் 14 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலை. தூரத்துக்கு அது நல்ல தொடக்கம். கொழும்போடும் தமிழ்நாட்டோடும் பகலில் கதைக்க 7.1 மெகாஹேர்ட்ஸில் 20.1 மீற்றர்க் கம்பி, அதே 10 மீற்றர் உயரம்.

இரண்டு பனைகள் காற்றில் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஆடுவதில்லை. இறுக்கிக் கட்டினால் சோளகத்தில் கம்பி அறும். ஒரு முனையை நிலையாகக் கட்டி, மறு முனைக் கயிற்றைக் கப்பி வழியே கீழே இறக்கி 8 அல்லது 10 கிலோ கல்லைத் தொங்கவிடுங்கள். கல் நிலத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் மேலே, ஆட்கள் நடமாடாத பக்கம். நைலோன் இழுபடும், மலிவான பொலித்தீன் கயிறு வெயிலில் பொடியாகும். பொலியெஸ்ரர் கயிறு எடுங்கள். மரத்தில் ஏறுவது பனை ஏறும் தொழில் தெரிந்தவரின் வேலை, அவருக்குரிய கூலியைக் கொடுத்துச் செய்வியுங்கள். அனுப்பத் தொடங்குமுன் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். கேட்பதை இன்றே தொடங்கலாம்.

கேள்வி: எர்த் கம்பி ஒன்றேகால் மீற்றர்கூட இறங்கவில்லை, கல்லு. ரவருக்கு இடி விழுந்தால்? வீட்டு எர்த்தையும் ரவர் எர்த்தையும் தனித்தனியாக வைத்தால் பாதுகாப்பு என்று எலக்ரீசியன் சொல்கிறார்.
– வாசகர், கோப்பாய்

பதில்: தனித்தனி என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஒரு மின்னலில் 30,000 அம்பியர் வருவது சாதாரணம். ரவர் எர்த்தின் தடை 10 ஓம் என்றால் அந்தக் கணத்தில் ரவரின் அடி 3,00,000 வோல்ற்றுக்கு உயரும். வீட்டு எர்த் பூச்சியத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது எது? உங்கள் வானொலி. ஒரு பக்கம் கோஅக்சியல் கேபிள், மறு பக்கம் பிளக். வெடிப்பது அங்கேதான். இரண்டு எர்த்தையும் 16 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்புக் கம்பியால் நிலத்துக்குக் கீழாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும்.

ஆழம் கிடைக்காத இடத்தில் அகலமாகப் போங்கள். ரவர் அடியில் இருந்து மூன்று திசைக்கு, ஒவ்வொன்றும் 8 முதல் 10 மீற்றர், வெறும் செம்புப் பட்டி 25க்கு 3 மில்லிமீற்றர், அரை மீற்றர் ஆழத்தில் செம்மண்ணுக்குள் புதையுங்கள். மண் இடம் கொடுக்கும் இடங்களில் குட்டைக் கம்பிகளை அடித்துப் பட்டியோடு சேருங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவற்றின் நீளத்தின் இரட்டிப்பு இடைவெளி விடவேண்டும், நெருக்கமாக அடித்தால் பயன் குறையும். அடிக்கட்டிக்குள் இருக்கும் கம்பிக் கூட்டையும் ரவர் காலோடு இணைத்து வையுங்கள். ஈரக் கொங்கிறீற் நல்ல எர்த். பட்டியைச் செங்கோணமாக மடக்காமல் வளைத்துக் கொண்டுபோங்கள், மின்னல் கூர்வளைவில் வெளியே பாயும். நாகம் பூசிய காலில் செம்பை நேரே இறுக்காமல் இரண்டு வகை உலோகங்களையும் சேர்க்கவென்றே செய்த (பைமெற்றல்) கிளாம்ப் பயன்படுத்துங்கள்.

கேபிளின் வெளிக் கவசத்தை ரவர் உச்சியிலும் அடியிலும் ரவரோடு இணைத்து, வீட்டுச் சுவருக்கு வெளியே ஒரு செம்புத் தகட்டில் வாயுக்குழாய் அரெஸ்ரர் (மின்னல் தடுப்பான்) வழியாக உள்ளே எடுங்கள். ரோற்றேற்றர் வயரும் அதே தகட்டின் வழியாகத்தான் போகவேண்டும். அதை மறந்தால் மற்ற எல்லாம் வீண். இவ்வளவும் செய்தாலும் சித்திரை மாலை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பாவிக்காத நேரத்தில் கேபிளைத் தகட்டுக்கு வெளியே கழற்றி வையுங்கள். கழற்றிய முனையை அறைக்குள் தொங்கவிட்டால் மின்னலை அறைக்குள் அழைத்ததுதான். இடி கேட்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போகவேண்டாம்.

கேள்வி: தொலைக்காட்சி டிஷ் கேபிளையே பாவிக்கலாமா? 30 மீற்றர் தேவை.
– வாசகர், மானிப்பாய்

பதில்: 14 மெகாஹேர்ட்ஸ் டைபோலுக்குத் தாராளமாக. அது 75 ஓம். டைபோலும் அதற்குக் கிட்டத்தான். அதன் அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது, ஆகவே நசுக்கிப் பொருத்தும் கனெக்ரர்தான். 145 மெகாஹேர்ட்ஸில்தான் கேபிளின் தரம் வலுவாகத் தெரியும். 30 மீற்றர் ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிளில் ஏறத்தாழ 6 டெசிபெல் போய்விடும், 50 வாற் அனுப்பினால் அன்ரனாவுக்கு 12 தான் சேரும்; ஆர்.ஜி.-213 இல் 27 வாற் சேரும், எல்.எம்.ஆர்.-400 இல் 35. மெல்லிய கேபிளோடு ரவரை 6 மீற்றர் உயர்த்துவதைவிட நல்ல கேபிள் வாங்குவது மலிவு.

மேலே உள்ள கனெக்ரரை முதலில் தானாக ஒட்டும் ரப்பர் ரேப்பால் இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண மின்ரேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போது ஓட்டுக் கூரையில் போல மடிப்புகள் கீழ்நோக்கி இருக்கும், தண்ணீர் உள்ளே போகாது. கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொய்வு வளையம் விடுங்கள்.

கேள்வி: அனுமதி யாரிடம்? பலாலி எங்களுக்குப் பக்கம்.
– வாசகர், தெல்லிப்பழை

பதில்: நிலையத்துக்கும் அனுப்புவதற்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கட்டமைப்புக்கு உங்கள் பிரதேச சபை. மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபை. 2019 ஒக்ரோபரில் இருந்து பலாலி சர்வதேச விமான நிலையம் என்பதால், ஓடுபாதையை அண்டிய உயரக் கட்டுப்பாட்டைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழி வெட்டுமுன் கேளுங்கள், ரவர் நின்ற பிறகு கேட்டால் பதில் செலவாக வரும். அயலவருக்கு வரைபடத்தைக் காட்டி, விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லிவிடுவதும் நல்லது.

கேள்வி: நாங்களே ஏறிப் பூட்டலாமா? எந்த மாதம் நல்லது? இங்கே தைமாதம் பட்டக் காலம், நூல் சிக்குமே?
– நண்பர்கள், வல்வெட்டித்துறை

பதில்: மாசி, பங்குனி. மழை ஓய்ந்து, சோளகம் எழும்பாத நாட்கள். காலை 6 மணிக்குத் தொடங்கி, காற்று எழும்பும்போது நிறுத்துங்கள்.

முதலில் மின்கம்பியைப் பாருங்கள். ரவரின் உயரத்தோடு மேலுள்ள பைப்பின் நீளத்தையும் எலிமென்ற்றின் பாதி நீளத்தையும் கூட்டுங்கள், 12க்கு 1.5, அதற்கு 5, மொத்தம் 18.5 மீற்றர். அந்தத் தூரத்துக்குள் வீதி மின்கம்பி இருந்தால் அந்த இடம் வேண்டாம். வீட்டுக்கு வரும் சேர்விஸ் வயரும் இதில் அடங்கும்.

ஏறுபவருக்கு முழு உடல் ஹார்னஸ், இரண்டு கொளுவிகள். ஒன்றைக் கழற்றுமுன் மற்றது மாட்டியிருக்கவேண்டும். இடுப்புப் பட்டி மட்டும் போதாது. துண்டுகளைக் கையால் தூக்காமல், 4 மீற்றர் ஒன்றரை இஞ்சிப் பைப்பின் தலையில் கப்பி பூட்டி, அதை நின்றுகொண்டிருக்கும் துண்டின் காலில் கிளாம்பால் இறுக்கித் தூக்கு மரமாக்குங்கள். 12 மில்லிமீற்றர்க் கயிறு 40 மீற்றர். இழுப்பவர்கள் ரவரின் அடியில் நிற்காமல், அடியில் இன்னொரு கப்பி வைத்துக் கயிற்றைப் பக்கவாட்டாக எடுத்து 8 மீற்றர் தள்ளி நின்று இழுக்கவேண்டும். ஸ்பானர் விழும் இடமும் அடிதான். ஒவ்வொரு ஸ்பானருக்கும் கயிறு, கீழே எல்லோருக்கும் தலைக்கவசம். இரண்டு துண்டு ஏறியதும் 6 மீற்றர் ஸ்ரேயைக் கட்டாமல் மூன்றாவதைத் தொடவேண்டாம். மூன்றாவது ஏறியதும் 9 மீற்றரில் கயிற்றால் தற்காலிக ஸ்ரே.

பட்ட நூல் சிக்குவது உங்கள் ஊரில் தவிர்க்கமுடியாதது. கீழே நின்று இழுக்காதீர்கள். நைலோன் நூல் மெல்லிய அலுமினிய முனையை வளைத்துவிடும், கம்பி அன்ரனாவின் கயிற்றை அராவி அறுக்கும். நூலைக் கைக்கு எட்டிய இடத்தில் வெட்டிவிட்டு, மாசியில் ஏறும்போது எடுங்கள். நூல் ரோற்றேற்றருக்குள் சுற்றியிருந்தால் அதுவரை சுழற்றவேண்டாம். நூல் மின்கம்பிக்கும் ரவருக்கும் நடுவே கிடந்தால் ரவரையும் நூலையும் தொடாமல், யாரையும் கிட்ட விடாமல், மின்சார சபைக்கு அறிவியுங்கள். பனியில் நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும்.